அளந்து கொடுத்த சாராயம்

மழை அந்த வருஷம் புரட்டாசியிலேயே பிடித்துக்கொண்டது. மற்ற வருஷமாக இருந்தால் ஆடியோடு செங்கல் அறுப்பை முடித்துவிட்டு ஆட்கள் நடவுக்குப் போயிருப்பார்கள். இது யுத்த காலம். ஆவடியில் மிலிட்டரிக்காரர்கள் முகாம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எத்தனை லோடு ஏற்றி அனுப்பினாலும் லாரி மறுபடியும் வந்து நின்றது. அதனால் வானகரத்துக்கு எதிர்க்கரையில், கூவம் ஆற்றை ஒட்டி இருந்த அந்தச் சூளையில் புரட்டாசி வரைக்கும் மண் மிதித்துக் கல் அறுத்தார்கள். ஒரு பகல் முழுக்க விடாமல் பெய்ததில், களத்தில் காய்ந்துகொண்டிருந்த பச்சைக்கல் கரைந்து சேறாகிவிட்டது. பனையோலை போட்டு மூடிய வரிசைகள்கூட அடியில் இளகிச் சரிந்தன.

மறுநாள் ஆற்றுத் தண்ணீர் கரையைத் தாண்டியது. சூளையைச் சுற்றி இருந்த இருபது குடிசையில் ஊறிப்போன விறகை ஊதி ஊதிக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினார்கள். யுத்தத்தில் ரங்கூன் அரிசி நின்றுபோன பிறகு எல்லா வேளையும் கூழ்தான். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு இருந்தால் அது நல்ல நாள். கூழுக்கு உப்பு வாங்கக்கூட ஆற்றைத் தாண்ட வேண்டும். சாராயக்கடையும் வானகரம் பக்கம், தென்கரையில்தான் இருந்தது.

துலுக்கானம் அந்தச் சூளையில் முதல் கை. அச்சில் மண்ணை அடித்து வழித்து அவன் கவிழ்க்கும் கல்லில் மூலை உடையாது. பத்து வருஷமாக அவன் குடிக்காமல் ஒரு பொழுதும் விடிந்ததில்லை. காலையில் பல் துலக்கும் முன்பு ஒரு வாய் ஊற்றினால்தான் அவன் கை நிலைக்கும். அந்தக் கையோடுதான் பகல் முழுக்கக் கல் அறுப்பான். சாயங்காலம் சூளைக்கரையிலேயே விழுந்து கிடப்பான். அவன் பெண்சாதி சொர்ணம் அவனோடு பேச்சை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. சோறு போடுவாள், ஏச்சு வாங்குவாள், சில நாள் அடியும் வாங்குவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

வெள்ளம் வந்த முதல் நாள் அவனிடம் கால் புட்டி மிச்சம் இருந்தது. இரண்டாம் நாள் அதுவும் இல்லை. கூழை வாயில் வைத்ததும் குமட்டினான். குளிர்கிற மழையில் அவனுக்கு வேர்வை ஊற்றியது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர்ச் சொம்பை எடுத்தவன் கை ஆடிய ஆட்டத்தில் தண்ணீர் அத்தனையும் மார்பில் சிந்தியது. சொர்ணம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முனியன் ஞாபகம் வந்தது.

முனியன் துலுக்கானத்தின் தம்பி. போன பங்குனியில் செத்துப்போனான். அவனும் குடிகாரன்தான். மூத்தவன் வேம்புலி சூளைக்கு மேஸ்திரி. குடிக்காதவன், நெற்றியில் விபூதி இல்லாமல் களத்தில் இறங்காதவன். நாலு நாள் கட்டிப் போட்டால் குடி தானாக விட்டுவிடும் என்று சொல்லி அவன்தான் முனியனைக் கொட்டகைக் காலில் கட்டினான். கிணற்றடியிலிருந்து கயிற்றை அவிழ்த்து வந்து கொடுத்தது சொர்ணம். போதையில் தள்ளாடிக்கொண்டே வந்து, திமிறாமல் இருக்க முனியன் காலைப் பிடித்தது துலுக்கானம். முனியன் ஒரு நாள் முழுக்கக் கெட்ட வார்த்தையில் திட்டினான். மறுநாள் உடம்பிலிருந்து எறும்பைப் பொறுக்கி எறிந்தான், எறும்பு ஒன்றும் இல்லை. ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று கெஞ்சினான். மூன்றாம் நாள் வலிப்பு வந்து, கட்டிய கட்டிலேயே போய்விட்டான். காத்து அடித்துவிட்டது என்று வேம்புலி சொன்னான். ஊரும் அப்படியே சொல்லிக்கொண்டது. வேம்புலி தன் செலவில் எல்லைத் தெய்வத்துக்குப் பொங்கல் வைத்தான்.

இப்போது அதே வேம்புலி ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு குடிசை வாசலில் வந்து நின்றான். பின்னால் இரண்டு ஆள். ஒருவன் தோளில் கயிறு இருந்தது.

இது நல்ல சமயம் என்றான் வேம்புலி. இரண்டு நாளாகத் தானாகவே நின்றிருக்கிறது, இன்னும் நாலு நாள் ஆற்றுப் பக்கம் போகவிடாமல் கட்டிப் போட்டுவிட்டால் தம்பி மனுஷனாகிவிடுவான் என்றான். உள்ளே துலுக்கானம் சுவரில் சாய்ந்துகொண்டு பற்கள் அடித்துக்கொள்ளக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சொர்ணம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். புருஷனின் அண்ணன் முகத்துக்கு நேராக அவள் அதுவரை பேசியதில்லை.

"வாணாம் மாமா. கயிற எட்த்துகினு போ."

"இன்னா பேசற நீ. இந்தக் குடிகாரன் கையில நீ வாங்குன ஒத பத்தலியா?"

"பத்தலன்னு நான் சொல்லல. செத்தா சாவட்டும். கட்டிப் போட்டு சாவ வாணாம். ஒரு தபா பாத்தது போதும்."

வேம்புலியின் முகம் இறுகியது. முனியனைக் காத்து அடித்தது என்று ஊருக்கே தெரியும், அந்தப் பேச்சை எடுக்காதே என்று அதட்டினான். அவள் நகரவில்லை. அவர்கள் தர்க்கம் செய்துகொண்டிருக்கும்போதே உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. துலுக்கானம் தரையில் வில்லாக வளைந்து கிடந்தான். கண் மேலே செருகியிருந்தது. வாயோரம் நுரையோடு ரத்தம் வந்தது. சொர்ணம் ஓடிப்போய் அவனைப் பக்கவாட்டில் புரட்டித் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கயிறு கொண்டுவந்தவன் பயந்து மழையில் இறங்கிப் போய்விட்டான். முனியனை அடித்த காத்து இவனையும் பிடித்துவிட்டது என்று வேம்புலி முணுமுணுத்தான்.

வலிப்பு நின்றதும் சொர்ணம் சூளை வண்டியைக் கேட்டாள். பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்றாள். முதலாளி வண்டியைக் குடிகாரனுக்குக் கொடுக்க முடியாது என்றான் வேம்புலி. ஆஸ்பத்திரிக்குப் போனவன் முழுசாகத் திரும்பி வரமாட்டான், தன் வார்த்தையை மீறிப் போனால் திரும்பி இந்தக் களத்தில் கால் வைக்கவேண்டாம் என்றும் சொன்னான்.

மழை விட்டிருந்தது. மத்தியானம் தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்தது. பக்கத்துக் குடிசையில் இருந்த பூங்காவனம், சொர்ணத்தோடு மண் சுமக்கிறவள், புருஷனைக் கேட்காமல் இறங்கி வந்தாள். இரண்டு பெண்களும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் துலுக்கானத்தின் அக்குளில் தோளைக் கொடுத்து ஆற்றைக் கடந்தார்கள். கரையேறியதும் அவன் சாராயக்கடைப் பக்கம் இழுத்தான். பூங்காவனம் அவன் பிடரியில் ஒன்று வைத்தாள். ரோட்டில் பூந்தமல்லிக்கு விறகு ஏற்றிப்போன வண்டி ஒன்று கிடைத்தது. விறகின் மேலே அவனைப் படுக்கவைத்து, உருளாமல் இருக்கச் சொர்ணம் அவன் மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் அவனைத் தொட்டாள்.

பூந்தமல்லியில் அந்த ஆஸ்பத்திரி சின்னது. எட்டுக் கட்டில், ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர். டாக்டர் நாகேந்திரனுக்கு ஐம்பது வயது இருக்கும். யாரிடமும் சிரித்துப் பேசியதில்லை என்று பெயர் வாங்கியவர். மருந்தையெல்லாம் மிலிட்டரிக்கு வாரிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற கோபம் அவருக்கு எப்போதும் இருந்தது. அந்தக் கோபத்தை வருகிற நோயாளிகள்மேல் காட்டுவார். துலுக்கானத்தின் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு பாம்பு மாதிரி ஆடியது.

தினமும் எவ்வளவு குடிப்பான், எத்தனை வருஷமாக, கடைசியாகக் குடித்தது எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று கேட்டபோது சொர்ணம் முனியன் கதையைச் சொன்னாள். காத்து அடித்ததாகச் சொன்னார்கள் என்றாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"காத்துமில்லை, கறுப்புமில்லை. வருஷக்கணக்கா குடிச்ச உடம்புல சட்டுன்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும். கொஞ்சம் கொஞ்சமா இறக்கியிருந்தா அந்த முனியன் பிழைச்சிருப்பான். கட்டினது யாரு?"

 "நாங்கதான் சாமி," என்றாள் சொர்ணம்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். கம்பவுண்டர் தங்கவேலைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். தங்கவேல் முகம் மாறியது. தூக்க மருந்து இரண்டு வேளைக்குத்தான் இருக்கிறது என்றான். பிராந்தி ஒரு சொட்டு இல்லை, ஆறு மாதமாக இல்லை என்றான். டாக்டர் மேஜையைத் தட்டினார். பிறகு சொர்ணத்தைப் பார்த்து, சாராயக்கடையில் போய் ஒரு புட்டி வாங்கி வா என்றார்.

தன்னை வைத்து விளையாடுகிறார் என்று அவள் நினைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"குடிய நிறுத்தத்தானே இட்டாந்தேன்."

"நிறுத்தத்தான் போறேன். நான் சொல்ற அளவுல, நான் சொல்ற நேரத்துக்கு. ஒன்பது நாள். அவன் கேக்கிறான்னு ஒரு சொட்டு கூட்டினாலும், பாவம்னு ஒரு வேளை குறைச்சாலும் நான் கையை உதறிடுவேன். இன்னொரு பொணத்துக்குச் சீட்டு எழுத எனக்கு நேரமில்லை."

அவள் போனாள். பூந்தமல்லிச் சாராயக்கடை வரிசையில் அந்த நேரத்தில் அவள் ஒருத்திதான் பெண். முன்னால் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். பின்னால் நின்றவர்கள் அசிங்கமாகப் பேசினார்கள். புட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவள் காது எரிந்தது.

புட்டியைத் தங்கவேல் மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். முதல் நாள் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு அவுன்ஸ். கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து ஊற்றுவான், தண்ணீர் கலப்பான், அவளிடம் கொடுப்பான். மறுநாள் ஒன்றரை. அப்புறம் ஒன்றே கால். தலைமாட்டில் ஒரு அட்டையில் அதை எழுதி வைத்தார்கள். கூடவே மிக்ஸர் என்று உப்புக் கரிக்கிற ஒரு தண்ணீர் மருந்து. நாடியும் வேர்வையும் டாக்டரே வந்து பார்த்தார், காலையில், மத்தியானம், சாயங்காலம். தவிடு வாங்கி வந்து காய்ச்சி வடித்து, அந்தத் தண்ணீரில் கஞ்சி போட்டுக் கொடுக்கச் சொன்னார். நரம்புக்கு வேண்டிய சத்து அதில்தான் இருக்கிறது, ஊசி மருந்து கிடைக்காது என்றார். சொர்ணம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். மாட்டுக்கு வைக்கிறதை எனக்கு வைக்கிறாயா என்று துலுக்கானம் முதல் கஞ்சியை அவள் மேலேயே துப்பினான். அவள் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஊட்டினாள்.

உள்ளே இருந்த நோயாளிகள் சண்டைக்கு வந்தார்கள். வயிற்றுவலிக்காரர் ஒருவர், பூந்தோட்டம் வைத்திருக்கிறவர், சூளைக்காரனோடு ஒரே கூரையில் படுப்பதே கேவலம், அதிலும் சாராய வாடையோடா என்று கேட்டார். டாக்டர் துலுக்கானத்தின் கட்டிலைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றினார். வெளிச்சமும் காற்றும் அங்கேதான் அதிகம் என்று சொர்ணத்திடம் சொன்னார். அது சமாதானமா உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அவனுக்குப் புத்தி கலங்கியது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காற்றில் கல் அறுத்தான். மண்ணை உருட்டினான், அச்சில் அடித்தான், மேலே வழித்தான், கவிழ்த்தான். மழை வருகிறது, ஓலையைப் போடு, சேறாகப் போகிறது பார் என்று அவளை விரட்டினான். அவள் முதலில் பேசாமல் இருந்தாள். அவன் வெறி ஏறி எழப் பார்த்ததும், "போட்டுட்டேன்யா, எல்லாம் மூடியாச்சி, ஒக்காரு" என்றாள். அவன் உட்கார்ந்து அடுத்த கல்லை அறுத்தான். இரண்டு மணி நேரம் அப்படிப் போனது. தூக்க மருந்தின் முதல் வேளையை அன்று கொடுத்தார்கள். அந்த மருந்தின் அழுகல் நாற்றம் தாழ்வாரம் முழுக்க வீசியது. அவன் கை மெதுவாக அடங்கியது.

புத்தி தெளிந்த நேரத்தில் அவன் இன்னும் மோசமாக இருந்தான். இன்னும் ஒரு கோடு ஊற்று என்றான். தங்கவேலுக்கு நீ யார், அவன் உனக்கு யார் என்று கேட்டான். மலடி என்றான். நான் செத்தால் உனக்குச் சந்தோஷம் என்றான்.

"ஆமா, சந்தோசந்தான்," என்றாள் சொர்ணம். "ஆனா இன்னிக்கி நீ சாவ முடியாது. இந்தா, ஒன்னேகாலு. குடி."

அவள் கையிலிருந்த குவளை ஆடவில்லை. அவன்தான் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, பல் கண்ணாடியில் மோதக் குடித்தான்.

நாலாம் நாள் காலை பத்து மணி வேளைக்குத் தங்கவேல் புட்டியை எடுத்துத் தாழ்வாரத்துப் பெஞ்சில் வைத்திருந்தான். அப்போதுதான் வேம்புலி வந்தான். சாராயக்கடை வரிசையில் சொர்ணத்தைப் பார்த்த எவனோ போய்ச் சொல்லியிருக்கிறான். சூளை ஆட்கள் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். அவன் புட்டியைப் பார்த்தான், குவளையைப் பார்த்தான், சொர்ணத்தைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரின்னு சொல்லி இட்டாந்து இதத்தான் செய்றியா? பொண்டாட்டியே ஊத்திக் குடுக்கறா. த்தூ."

இது மருந்து என்று தங்கவேல் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் வேம்புலி புட்டியை எடுத்துப் படிக்கட்டில் ஓங்கி அடித்தான். கண்ணாடி சிதறியது. சாராயம் கல்லில் வழிந்து மண்ணுக்கு இறங்கியது.

துலுக்கானம் கட்டிலிலிருந்து கீழே விழுந்தான். எழுந்து நிற்க அவனால் முடியவில்லை. முழங்காலும் கையுமாக ஊர்ந்து போய்ப் படியில் முகத்தை வைத்து நக்கினான். உதட்டில் கண்ணாடி கீறியது. சொர்ணம் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். அவன் அவள் கையைக் கடித்தான். கூட வந்த ஆட்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேம்புலி நின்ற இடத்திலேயே நின்றான்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். துலுக்கானத்தைத் தூக்கிக் கட்டிலில் போடச் சொன்னார். தங்கவேலிடம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடு, இன்னொரு புட்டி கொண்டு வா என்றார். பிறகுதான் வேம்புலியிடம் திரும்பினார். நீ யார் என்று கேட்டார். அண்ணன் என்றான் வேம்புலி. குரல் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. டாக்டரே குடிக்கக் கொடுத்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உருப்படுமா என்று கேட்டான்.

"இவன் தம்பியைக் கட்டினவன் நீதானா?"

வேம்புலி கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்தான்.

"அவனுக்கும் இதே வியாதிதான். இதே கைநடுக்கம், இதே வலிப்பு. அவனைக் காத்து அடிக்கலை. நீ கொன்னுட்டே. தெரியாமத்தான் கொன்னே, ஆனா நீதான். இப்போ தெரிஞ்சுக்கிட்டே. இவனையும் கொல்லணும்னா இன்னொரு புட்டியை உடை."

 வயிற்றுவலிக்காரர்கூட எழுந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். வேம்புலி டாக்டரை அடிக்கப் போகிறான் என்று சொர்ணம் நினைத்தாள். அவன் கை ஒரு தடவை எழுந்தது. பிறகு அந்தக் கையாலேயே தோள் துண்டைச் சரி செய்துகொண்டு படியிறங்கிப் போனான். கண்ணாடித் துண்டு அவன் காலில் ஏறியிருக்க வேண்டும், மண்ணில் ரத்தம் புள்ளி புள்ளியாகப் போயிற்று. அவன் குனிந்து பார்க்கவில்லை.

அன்று துலுக்கானத்துக்கு மறுபடியும் உடம்பு உதறியது. தூக்க மருந்தின் கடைசி வேளையும் போயிற்று. சாயங்காலம் அடங்கினான். ஆறாம் நாள் தவிட்டுக் கஞ்சியைத் துப்பாமல் குடித்தான். ஏழாம் நாள் கோழி முட்டை வேண்டும் என்று கேட்டான். ஒன்பதாம் நாள் காலையில் அரை அவுன்ஸ், சாயங்காலம் வெறும் மிக்ஸர். பத்தாம் நாள் அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. அவன் தண்ணீர்ச் சொம்பை ஒரு கையால் எடுத்துக் குடித்தான். சொர்ணம் அதைப் பார்த்துவிட்டுக் கஞ்சிப் பானையைக் கழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் போனாள். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். பயம்தான் வந்தது. குடிக்காத துலுக்கானம் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் நாள் அனுப்பினார்கள். டாக்டர் கும்பிட்டவர்களைப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே பேசினார்.

"இனிமே தொடாதே. தொட்டேன்னா நீயா நிறுத்தாதே, இங்கே வா. வராம இருந்தா எனக்கு நல்லது."

சூளைக்குத் திரும்பினார்கள். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது. ஐப்பசி வெயில் விட்டு விட்டு அடித்தது. களத்தில் ஆட்கள் சேற்றை வழித்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது இவர்களுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. சொர்ணம் போய் டாக்டரிடம் பற்ற வைத்தாள் என்று சிலர் பேசினார்கள். குடிகாரன் பிழைத்துவிட்டான், குடிக்காத மேஸ்திரி கொலைகாரனா என்று கேட்டார்கள். அவள் தண்ணீருக்குப் போனால் கிணற்றடி காலியானது. பூங்காவனம் மட்டும் ஒரு சட்டிக் கூழைக் கொண்டுவந்து வைத்தாள். தன்னையும் புருஷன் அடித்துவிட்டான் என்று சொல்லி முதுகைக் காட்டிவிட்டுப் போனாள்.

வேம்புலி அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டு இடம் காட்டினான். துலுக்கானம் போய் எதிரே நின்றால் அவன் இல்லாதது போல் அடுத்த ஆளிடம் பேசினான். மூன்று நாள் இப்படிப் போனது. துலுக்கானம் குடிசையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தென்கரைப் பக்கம் பார்க்காமல் இருப்பதே அவனுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் சொர்ணம் தன் குடிசையின் ஈர ஓலைகளை உதறி வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள். வேம்புலி தனியாக வந்தான். பத்தடி தள்ளி நின்றான். காலில் துணி சுற்றியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"மொத நாளு எத்தினி குடுத்தாரு?"

"நாலு மணி நேரத்துக்கு ஒரு தபா. ரெண்டு அவுன்சு."

"அவுன்சுன்னா?"

அவள் ஒரு கையைக் குழித்துக் காட்டினாள். ரெண்டு அவுன்ஸ் என்றால் அதில் கொள்ளுகிற அளவுதான் இருக்கும்.

வேம்புலி அந்தக் கையை வெகுநேரம் பார்த்தான். பிறகு ஓலைக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு வாய்தான் கேட்டான். இந்தக் கையளவு. ராத்திரியும் பகலும் கேட்டான். நான் வாயில அடிச்சேன்."

சொர்ணத்துக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. இத்தனை நாள் வராத கோபம்கூட அப்போதுதான் வந்தது. கயிறு கொண்டுவந்தது தன் கை என்பதும் அந்தக் கோபத்தோடு சேர்ந்துகொண்டது. அவள் மறுபடியும் ஓலையை உதறினாள்.

"நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்க வாணாம்," என்றான் வேம்புலி. "தொரத்தறேன்னு நெனச்சிக்க. அவன் எதிர்ல வந்து நிக்கும்போது என்னால பாக்க முடியல. ஒர்த்தன் உசிரோட நின்னா இன்னொர்த்தன் பக்கத்துல வந்து நிக்கிறான். ஆவடியில முகாம்ல ஆள் எடுக்கறாங்க. போங்க."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். இரண்டு சட்டி, ஒரு பாய், ஒரு மூட்டைத் துணி. அயனம்பாக்கம் ஏரிக்கரை வழியாக அம்பத்தூர் பக்கம் நடந்தார்கள். ஏரி நிறைந்து அலையடித்தது. துலுக்கானம் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். கொஞ்ச தூரம் போனதும் நடை தளர்ந்தது. அண்ணன் என்ன சொன்னான் என்று கேட்டான். முனியன் ஒரு வாய் கேட்டதை நினைத்து அழாத குறையாகப் பேசினான் என்று சொர்ணம் சொன்னாள்.

அவன் நின்றான். மூட்டையை இறக்கிக் கரையில் வைத்தான்.

"எங்கிட்டயும் கேட்டான்."

"யாரு?"

"முனியன். ரெண்டாம் நாளு. அண்ணாத்தே கூழு குடிக்கப் போய் இருந்தாரு. நான் பக்கத்துல குந்திகினு இருந்தேன். என் மடியில அர புட்டி இருந்திச்சி. அவன் பாத்துட்டான். குடு அண்ணேன்னான். குடுத்தா எனக்கு இல்லாம பூடும்னு எழுந்து அப்பால போய்ட்டேன்."

சொர்ணம் அவனைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்த பன்னிரண்டு நாளில் அவன் துப்பியது, கடித்தது, ஏசியது எதுவும் அவளை இந்த அளவுக்கு ஆட்டவில்லை. தலையில் இருந்த சட்டியை இறக்கி மூட்டையின் பக்கத்தில் வைத்தாள். கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"போய் சொல்லு."

"எத்த?"

"இத்தத்தான். உங்க அண்ணன் கையில சொல்லு. அவரு ஒர்த்தரே அத்தினியும் தலையில தூக்கிகினு கீறாரு."

"கொன்னுடுவாரு."

"கொல்லட்டும். சொல்லிட்டு வா. அது வரிக்கும் நான் இங்கியே கீறேன். சொல்லாம வந்தியானா நீ ஒரு பக்கம் போ, நான் ஒரு பக்கம் போறேன்."

அவன் மூட்டையை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தான்.  திரும்பி வந்த வழியே நடந்தான். அவன் சூளைக்குத்தான் போகிறானா, இல்லை ஆற்றைத் தாண்டிச் சாராயக்கடைக்குப் போகிறானா என்று அவளுக்குத் தெரியாது. எழுந்து பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு தடவை நினைத்தாள். போகவில்லை. வண்டிகள் போயின. ஆடு மேய்க்கிறவள் ஒருத்தி யாருக்குக் காத்திருக்கிறாய் என்று கேட்டாள்.  வெயில் உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கியது.

அவன் வந்தான். நேராக நடந்துதான் வந்தான். இடது கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆறிய உதட்டுக் கீறல் மறுபடியும் பிளந்திருந்தது. அவள் கிட்டே போய் அவன் வாயை மோந்து பார்த்தாள். கேழ்வரகு வாடைதான் வந்தது.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அட்ச்சாரு. ஆளுங்க வந்து புட்ச்சிகினாங்க. அப்பால எல்லாரையும் போவச் சொல்லிட்டு, ஊட்டுக்குள்ள இட்டுகினு போய் ஒரு சட்டி கூழு ஊத்தினாரு. குட்ச்சிட்டுப் போன்னாரு."

"குட்ச்சியா?"

"குட்ச்சேன். அவரும் குட்ச்சாரு."

சொர்ணம் சட்டியை எடுத்துத் தலையில் வைத்தாள். அவன் மூட்டையைத் தூக்கக் குனிந்தபோது முகம் சுளித்தான். விலா எலும்பிலும் அடி விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. அவள் மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் ஆவடி போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.